பாபர் எழுதியதும் எழுதாததும்
க.பொ.த. உயர்தரம், கலைப்பிரிவு

சென்ற வருடம் இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் முகலாயர் ஆட்சியைப் படித்தபோது, என் கொப்பியில் பாபருக்கு ஆறு வரிகள்தான் இருந்தன. 1483இல் பிறந்தார். 1504இல் காபூலைப் பிடித்தார். 1526இல் பாணிபட்டில் இப்ராஹிம் லோடியை வென்றார். 1527இல் கான்வாவில் ரானா சங்காவை வென்றார். 1530இல் ஆக்ராவில் காலமானார். முகலாய ஆட்சியை நிறுவியவர். பரீட்சைக்கு இவ்வளவும் போதும். ஆனால் மணி அடித்த பிறகு எங்கள் ஆசிரியை புத்தகங்களை அடுக்கிக்கொண்டே ஒரு விடயத்தைச் சொன்னார். இந்தப் படைத்தளபதி தன் கதையைத் தானே எழுதி வைத்திருக்கிறார் என்றும், தான் அழுத இடங்களைக் கூட அதில் மறைக்கவில்லை என்றும் சொன்னார்.

எந்த அரசனாவது தான் அழுததை எழுதுவானா? அந்தக் கேள்விதான் என்னை பாபர்நாமாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. தமிழில் கிடைத்த பிரதியை வாங்கி, இஷாத் தொழுகைக்குப் பிறகு ஒவ்வோர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தேன். என் உம்மம்மாவுக்கு இப்போது பார்வை குறைவு. பக்கத்தில் படுத்துக்கொண்டு உரத்து வாசிக்கச் சொல்வார். ஆகவே இந்த நூலை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் வாசித்தோம்.

பாபர் என்றதும் எம்மில் பலருக்கு 1992 டிசம்பர் 6ஆம் திகதி அயோத்தியில் இடிக்கப்பட்ட பள்ளிவாசல்தான் ஞாபகம் வரும். அதைப்பற்றி அறியலாம் என்று இந்நூலைத் திறப்பவர்களுக்கு ஏமாற்றமே கிடைக்கும். 1528ஆம் ஆண்டின் சில மாதங்களுக்குரிய பக்கங்கள் தொலைந்துவிட்டன. இருக்கும் பக்கங்களில் அந்தப் பள்ளிவாசல் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்நூலில் இருப்பது வேறொரு பாபர்.

அவர் பிறந்தது இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள அந்திஜானில். தந்தை உமர் ஷெய்க் மிர்ஸா தைமூரின் பரம்பரை. தாய் செங்கிஸ்கானின் வழி வந்தவர். 1494இல் தந்தை ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் கட்டியிருந்த புறாக்கூண்டோடு சரிந்து விழுந்து இறந்தார். பதினொரு வயதுப் பிள்ளை பெர்கானாவின் அரசனானான். வேறு அரசர்களின் வரலாறுகள் முன்னோர் புகழில் தொடங்கும். பாபர் தனது நூலை, ஹிஜ்ரி 899 ரமழானில் இன்ன வயதில் இன்ன நாட்டுக்கு அரசனானேன் என்று ஒரே வாக்கியத்தில் தொடங்கிவிடுகிறார். தன் தந்தையைப் பற்றி எழுதும்போதும் மரியாதைக்காக எதையும் பூசி மெழுகவில்லை. அவர் குள்ளமானவர், பருமனானவர், சட்டையை இறுக்கிக் கட்டுவதற்காக வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார், மூச்சை விட்டால் நாடா அறுந்துவிடும் என்றெல்லாம் எழுதுகிறார். உம்மம்மா இந்த இடத்தில் நன்றாகச் சிரித்தார்.

பாபருக்கு ஆசையெல்லாம் சமர்க்கந்தின் மீது. தைமூரின் தலைநகரம் அது. 1497இல் ஏழு மாதம் முற்றுகையிட்டு அதைப் பிடித்தார். நூறு நாட்கள்தான் அங்கே இருந்தார். அதற்குள் பின்னால் அந்திஜான் கைவிட்டுப் போயிற்று. அதைக் காப்பாற்றப் புறப்பட்டபோது சமர்க்கந்தும் போயிற்று. 1500இல் 240 பேரை வைத்துக்கொண்டு இரவில் மதிலேறி மறுபடி பிடித்தார். அடுத்த வருடம் ஷைபானி கானின் முற்றுகையில் நகரம் பட்டினி கிடந்தது. குதிரைகளுக்கு மரத்து இலைகளைப் போட்டார்கள், ஏழைகள் நாயையும் கழுதையையும் தின்றார்கள் என்று எழுதுகிறார். மன்னார் நகரில் கழுதைகளை ஒதுக்கிக்கொண்டு பாடசாலைக்குப் போகிற எங்களுக்கு அந்த வரியை இலேசாகக் கடந்து போக முடியவில்லை.

பிறகு அவருக்கு ஊரே இல்லை. தாஷ்கந்தில் மாமாவின் வீட்டில் ஒண்டியிருந்தபோது, இப்படி எல்லோருடைய கண்ணிலும் தாழ்ந்து கிடப்பதைவிடச் சீனப் பக்கம் தனியே போய்த் தொலைந்துவிடலாம் என்று நினைத்ததாக எழுதுகிறார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. ஓரிடத்தில், கர்னான் என்ற ஊரின் தோட்டமொன்றில், எதிரிகள் நெருங்கிவர மரணத்தை எதிர்பார்த்து நிற்கிறார். அந்த இடத்தில் நூல் அறுந்துபோகிறது. மீதிப் பக்கங்கள் இல்லை. அடுத்த பக்கத்தில் அவர் குராசானை நோக்கிப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறார். எப்படித் தப்பினார் என்று உம்மம்மா கேட்டார். தப்பியிருக்கிறார் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

1506ஆம் ஆண்டு குளிர்காலத்தில் ஹிராத்திலிருந்து காபூலுக்குத் திரும்பிய கதையை எங்கள் வகுப்பிலும் சொன்னேன். பனி மார்பளவு கிடந்தது. முன்னே போகிறவர்கள் மிதித்து மிதித்துத்தான் வழி உண்டாக வேண்டும். பாபரும் இறங்கி மிதித்தார். ஓர் இரவு புயல் அடித்தது. ஒரு குகை இருக்கிறது, உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். தன் ஆட்கள் பனியில் கிடக்கும்போது தான் மட்டும் சூட்டில் தூங்குவது மனிதத்தன்மை அல்ல என்று மறுத்து, பனியில் குழி தோண்டி உட்கார்ந்துகொண்டார். தலையிலும் காதிலும் நாலு விரல் உயரத்துக்குப் பனி ஏறியது. பிறகுதான் குகை பெரியது, எல்லோருக்கும் இடமிருக்கிறது என்று தெரிந்தது. எல்லோரையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு கவிஞன் எழுதியிருந்தால் அவரை விடியும்வரை வெளியே வைத்திருப்பான். பாபர் குகைக்குள் போனதையும் எழுதினார், காதில் வலி வந்ததையும் எழுதினார்.

இந்நூலின் பெரும்பகுதி, பெரிய போர்கள் முடிந்தபின் அவரது கடைசி ஆண்டுகளில், இந்தியாவில் இருந்துகொண்டு பழைய குறிப்புகளைத் திருத்திச் சேர்த்து உருவாக்கப்பட்டது. பாணிபட்டில் தன்னிடம் 12,000 பேர்தான் இருந்தார்கள், எதிரியிடம் ஒரு இலட்சம் பேரும் ஆயிரம் யானையும் இருந்ததாக மதிப்பிட்டார்கள் என்கிறார். காலையில் தொடங்கிய போர் உச்சிப்பொழுதில் முடிந்தது. ஆனால் வென்ற நாட்டைப் பற்றி அவர் எழுதும்போது வெற்றிக் களிப்பைக் காணவில்லை. நல்ல குதிரை இல்லை, நல்ல முலாம்பழம் இல்லை, குளிர்ந்த தண்ணீர் இல்லை, குளிப்பறை இல்லை என்று ஒரே குறை. பலாப்பழத்தை அவர் ஆட்டின் வயிற்றுக்குள் எதையோ அடைத்துத் தைத்த பதார்த்தத்துக்கு ஒப்பிட்டதை எங்கள் வீட்டில் எவரும் மன்னிக்கவில்லை. பனைமரத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அதில் முட்டி கட்டிச் சாறு எடுப்பதையும், ஓலையில் எழுதுவதையும், ஓலைத்துண்டைக் காதில் செருகிக்கொள்வதையும் சொல்கிறார். பனையோலையில் பாய் இழைத்தே பிள்ளைகளை வளர்த்த உம்மம்மா அந்தப் பகுதியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

எழுதக் கற்கிற எங்களைப் போன்றவர்கள், 1528இல் அவர் மகன் ஹுமாயூனுக்கு எழுதிய கடிதத்தை அவசியம் பார்க்க வேண்டும். மகனின் எழுத்துப்பிழையைக் காட்டுகிறார். உன் கடிதத்தைப் பெரும்பாடுபட்டுத்தான் வாசிக்க முடிகிறது, அலங்காரமாக எழுதப் போய்த்தான் பொருள் மறைகிறது, இனிமேல் சாதாரண சொற்களில் தெளிவாக எழுது, உனக்கும் சிரமம் குறையும் வாசிப்பவருக்கும் சிரமம் குறையும் என்கிறார். இதை வாசித்த பிறகு என் கட்டுரைக் கொப்பியில் எத்தனை இடங்களில் வெண்ணிலவையும் தென்றலையும் தேவையில்லாமல் கூப்பிட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே சொல்லப்போவதில்லை.

1529இல் காபூலில் இருந்த நண்பர் குவாஜா கலானுக்கு எழுதிய கடிதத்தில்தான் ஆசிரியை சொன்ன அழுகை வருகிறது. யாரோ ஒரு முலாம்பழம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அதை வெட்டிச் சாப்பிடும்போது ஊர் ஞாபகம் வந்து அழுதுவிட்டதாக எழுதுகிறார். டெல்லியும் ஆக்ராவும் கையில் இருக்கின்றன. ஆனாலும் ஒரு பழத்துண்டுக்கு முன்னால் அவர் வெறும் அகதி.

நான் வாசித்து முடித்தபோது உம்மம்மா பேசவில்லை. 1990 ஒக்டோபரில் எங்கள் குடும்பம் எருக்கலம்பிட்டியை விட்டு வெளியேற்றப்பட்டது. துவக்கோடு வந்தவர்கள் சொன்ன நேரத்துக்குள் புறப்பட வேண்டியிருந்தது. கையில் இருந்த பிள்ளையோடு மழையில் கரையில் காத்திருந்து, வள்ளம் ஏறி, கற்பிட்டியில் இறங்கினார் உம்மம்மா. புத்தளத்து ஓலைக்கொட்டிலில் இருபது வருடத்துக்கு மேல் போயிற்று. அங்கே அவர் எதற்கும் அழவில்லையாம். ஒருநாள் யாரோ மன்னார்ப் பக்கத்திலிருந்து ஒரு பை பனங்கிழங்கு கொண்டுவந்து கொடுத்தபோது மட்டும் அடுப்படிக்குள் போய் அழுததாக உம்மா சொல்லியிருக்கிறார். அந்த இரவு பாபர் எங்களுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார் என்றே நினைத்தேன்.

அடுத்த வாரம் பஜௌர் வந்தது. பக்க வரிசையில் அது முன்னால் உள்ள பகுதி. நான்தான் முதலில் வாசித்தபோது அதை உம்மம்மாவுக்கு வாசிக்காமல் தாண்டிப் போயிருந்தேன். பாபர் எதையும் மறைக்கவில்லை என்று நான் வகுப்பில் பெரிதாகப் பேசிவிட்டு வந்து, அதே நூலில் நானே மறைத்தது மனதை உறுத்தியது. ஆகவே எடுத்து வாசித்தேன்.

1519 ஜனவரியில் பஜௌர்க் கோட்டையை பாபர் தாக்கினார். அங்கிருந்தவர்கள் அதற்குமுன் துப்பாக்கியைப் பார்த்ததில்லை. முதலில் சிரித்தார்களாம். கோட்டை விழுந்தபின் 3,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் சிறைபிடிக்கப்பட்டார்கள். வெட்டிய தலைகளால் ஒரு மேட்டில் கோபுரம் எழுப்பச் சொன்னார். இதெல்லாம் சில வரிகள். சில நாட்களிலேயே அதே இடத்தில் மது விருந்து நடக்கிறது. கான்வாவிலும், 1528இல் சந்தேரியிலும் இதே போன்ற தலைக்கோபுரம். இப்ராஹிம் லோடியின் தாயார் உணவில் நஞ்சு வைக்கச் செய்தபோது, சம்பந்தப்பட்டவர்களில் ஒருவரின் தோலை உரிக்கவும், ஒரு பெண்ணை யானைக்காலில் போடவும் சொன்னதை அவர் கைநடுக்கம் எதுவும் தெரியாமல் எழுதுகிறார்.

என் தோழி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, இப்படிப்பட்டவனைப் பற்றியா எங்கள் சஞ்சிகைக்கு எழுதப் போகிறாய் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பெற்றோர் வாசிக்கும் சஞ்சிகை இது. குடித்தவர், கொன்றவர், அபின் கலந்த லேகியம் சாப்பிட்டவர். இதில் எதையும் அவருடைய விரோதிகள் சொல்லி நாங்கள் அறியவில்லை. அவரே சொல்லித்தான் அறிகிறோம்.

ஆனால் அவர் சொன்னதில் என்னைத் தூங்கவிடாத ஒன்று இருக்கிறது. மதுவைப் பற்றி அவர் வருந்துகிறார். நாற்பது வயதில் விட்டுவிடுவேன் என்று நேர்ந்துகொண்டதையும், நாற்பது நெருங்க நெருங்க இன்னும் அதிகமாகக் குடித்ததையும் ஒப்புக்கொள்கிறார். கான்வாப் போருக்கு முன் 1527 பெப்ரவரியில் தௌபா செய்து, தங்க வெள்ளிக் கிண்ணங்களை உடைத்து ஏழைகளுக்குப் பங்கிட்டார். அதற்குப் பின்னும் இரண்டு வருடம் அந்த ஆசை தன்னை வாட்டியதை நண்பருக்கு எழுதுகிறார். இவ்வளவு நுணுக்கமாகத் தன் நஃப்ஸை விசாரித்த மனிதர், பஜௌரின் 3,000 பேரைப் பற்றி ஓரிடத்திலும் வருந்தவில்லை. குடித்தது அவருக்குப் பாவமாகத் தெரிந்தது. தலைகளை அடுக்கியது அவருக்குப் போராகத் தெரிந்தது. மறைக்க வேண்டும் என்று தோன்றாததால்தான் அதை எழுதினார் என்று நான் நினைக்கிறேன். அவருடைய நேர்மையை நான் முதலில் வியந்த அளவுக்கு இப்போது வியக்கவில்லை. ஆனாலும் அந்த எழுத்து இல்லாவிட்டால் பஜௌர் என்ற பெயரே என் காதுக்கு வந்திருக்காது.

அவர் எழுதாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. 1501இல் சமர்க்கந்தை விட்டு வெளியேறியபோது மூத்த சகோதரி கான்ஸாதா பேகம் ஷைபானி கானின் கையில் அகப்பட்டதாக பாபர் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். அவருடைய மகள் குல்பதன் பேகம், பேரன் அக்பரின் காலத்தில் எழுதிய ஹுமாயூன்நாமாவில் இதே சம்பவம் வேறுவிதமாக இருக்கிறது. சமாதானத்துக்கு விலையாக ஷைபானி கான் கான்ஸாதாவைத் திருமணத்துக்குக் கேட்டான், வேறு வழியின்றிக் கொடுக்கப்பட்டார் என்கிறார் குல்பதன். அகப்பட்டதற்கும் கொடுக்கப்பட்டதற்கும் எவ்வளவு தூரம்! தகப்பனுக்கு எழுத முடியாமல் போனதை மகள் எழுதினாள். பத்து வருடத்துக்குப் பிறகு கான்ஸாதா திரும்பி வந்தபோது பாபர் போய் முன்னால் நின்றார். பேசியும்கூட அவரைச் சகோதரிக்கு அடையாளம் தெரியவில்லை. சற்று நேரம் சென்றுதான் தெரிந்தது. இதை மட்டும் பாபர் எழுதியிருக்கிறார். பாபரின் வளர்ச்சிக்கு வழிகாட்டிய பாட்டி ஈஸான் தௌலத் பேகத்தின் புத்திக்கூர்மையையும் அவர் மனதாரப் புகழ்ந்திருக்கிறார். முகலாய வரலாறு என்றால் போர்க்களம் மட்டும்தான் என்று நினைக்கும் தங்கைகள் குல்பதனின் நூலையும் தேடிப் பார்க்க வேண்டும்.

பஜௌரை வாசித்த இரவில் உம்மம்மா ஒரு கேள்விதான் கேட்டார். அந்தப் பெண்களையும் பிள்ளைகளையும் எங்கே கொண்டுபோனார்கள், அவர்கள் ஊருக்குத் திரும்பி வந்தார்களா? நான் பக்கங்களைப் புரட்டினேன். காபூலில் பூக்கும் துலிப் மலர்கள் 32 அல்லது 33 வகை என்று எண்ணி எழுதியவர், அந்தப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதவில்லை. இல்லை உம்மம்மா, இதில் அது இல்லை என்றேன். அப்படியானால் விளக்கை அணை என்றார்.

நூலின் கடைசிப் பகுதியில், 1529 ரமழானில், தராவீஹ் தொழுது முடிந்து பாபர் கூடாரத்தில் எழுத உட்கார்கிறார். திடீரென்று புயல். கூடாரம் அப்படியே தலைமேல் விழுகிறது. தாள்களெல்லாம் நனைந்து போகின்றன. அவற்றைப் பொறுக்கிக் கம்பளிக்குள் சுற்றி வைத்து, புயல் ஓய்ந்ததும் நெருப்பு மூட்டி, விடியும்வரை தூங்காமல் ஒவ்வொரு தாளாகக் காய வைத்தார்கள். நாங்கள் இன்று வாசிக்கும் நூல் இப்படியெல்லாம் பிழைத்து வந்தது. அந்த வருடம் செப்டெம்பரோடு குறிப்புகள் நின்றுவிடுகின்றன. 1530 டிசம்பர் 26ஆம் திகதி அவர் இறந்தார். முதலில் ஆக்ராவில் அடக்கினார்கள். சில வருடங்களின் பின் அவர் விரும்பிய காபூலுக்கே கொண்டுபோனார்கள்.

தாள்களைக் காய வைத்த கதையை வாசித்த மறுநாள் உம்மம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு புதிய கொப்பி எடுத்து வரச் சொன்னார். எருக்கலம்பிட்டி வீட்டில் விட்டு வந்தவற்றைச் சொல்லத் தொடங்கினார். இரண்டு ஆடுகள். ஒன்று சினை. கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்த பெரிய சட்டி. பாதி இழைத்த பாய் ஒன்று. என் வாப்பாவின் முதலாம் வகுப்புக் கொப்பி. வளவில் ஐந்து தென்னை. பக்கத்தில் இருந்த வாப்பா, நாலு என்று திருத்தினார். உம்மம்மா கொஞ்சம் யோசித்தார். இரண்டையும் எழுது என்றார்.

நாலு அல்லது ஐந்து என்று எழுதினேன்.